மிக்சியின் மணல் தொட்டி

சுயம்புராஜ் கத்தார் வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அய்யாவழி நிழல்தாங்கல் கோயிலுக்குக் கும்பிடப் போவதற்காகக் குளித்துவிட்டு வந்து, மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டத் தொடங்கினார். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் நெற்றியில் ஈரம் பட்டது. அடுத்த சுற்றுக்குக் கையைத் தூக்குவதற்குள் வாடை மூக்கில் ஏறிவிட்டது.

துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். சபிதா அடுப்பில் தோசைக்கல்லை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னவாக்கும்?" என்றார்.

சபிதா கிட்டே வந்து மோந்து பார்த்தாள். உடனே திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். தோள் குலுங்குவதை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. மிக்சி ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் வேறு பூனை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மிக்சி, மகள் அபிதா கொண்டுவந்த பூனை. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் திங்கள்நகர் டியூஷன் சென்டர் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்ததைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மடியில் ஏறிப் படுத்தால் சட்னி அரைக்கிற சத்தம் வரும் என்பதால் அந்தப் பெயர். பிறகு அபிதா படிக்கக் கோயம்புத்தூர் போனாள். மண்டைக்காட்டிலிருந்து திங்கள்நகர் போகிற ரோட்டை ஒட்டிய அந்தப் பெரிய வீட்டில் சபிதாவும் மிக்சியும் மட்டும் மிஞ்சினார்கள். சபிதா பக்கத்து நர்சரிப் பள்ளியில் டீச்சர். சாயங்காலம் வந்து கேட்டைத் திறந்தால் பூனை ஜன்னலில் இருக்கும். அதனோடு பேசிக்கொண்டேதான் அவள் சமைப்பாள், துணி மடிப்பாள், டிவி பார்ப்பாள்.

சுயம்புராஜுக்கு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதத்தில் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி போலத்தான் இருப்பார். விருந்தாளியை மிக்சி கட்டிலுக்கடியில் இருந்து பார்க்கும். அவர் விமானம் ஏறிய பிறகு வெளியே வரும். இந்த முறை விருந்தாளி திரும்பிப் போகவில்லை.

தோஹாவில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் துப்புரவு வேலையின் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். தரையில் முகம் தெரியவில்லை என்றால் தூக்கம் வராது. ஊருக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது பின்வராந்தா மூலையில் இருந்த தொட்டி. வீடு கட்டியபோது கொத்தனார் சிமென்ட் குழைத்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அது. அதில் மதில் கட்டி மிஞ்சிய மணலைப் போட்டு சபிதா பூனையைப் பழக்கியிருந்தாள். காலையும் மாலையும் ஒரு பழைய சிரட்டை அகப்பையால் அள்ளிக் கொட்டிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை மணலை மாற்றுவாள். வீட்டுக்குள் கட்டட மணலா என்று அவருக்குத் தாங்கவில்லை.

நாகர்கோவிலுக்குப் போய் ஒரு பூனைக் கழிப்பறை வாங்கி வந்தார். குட்டி வீடு மாதிரி இருந்தது. மேலே மூடி, முன்னால் தள்ளினால் ஆடுகிற கதவு, உள்ளே போட லாவெண்டர் வாசனையுள்ள குருணை. அதே பயணத்தில் புது வாஷிங் மெஷினும் வாங்கினார். பின்வராந்தாவில்தான் குழாய் இருந்தது என்பதால் மெஷின் அங்கே நின்றது. பூனையின் புது வீடு அதற்குப் பக்கத்தில் அமர்ந்தது. கறுப்புத் தொட்டியைப் பக்கத்து வீட்டு நேசம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். இத்தனை காலம் தனியாக எல்லாம் தீர்மானித்த சபிதா, வந்த மனிதர் ஆசையாகச் செய்கிறார், செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

தலைப்பாகைக்குப் பிறகு அவருடைய பெட்டி. கத்தாரிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டி படுக்கையறைத் தரையில் திறந்தபடியே கிடந்தது. அதிலிருந்துதான் அவர் தினமும் சட்டை எடுத்துப் போடுவார். ஒருநாள் எடுத்த சட்டை ஈரமாக இருந்தது. அதற்கு அடுத்து சோபாவின் ஒரு முனை, அவர் உட்கார்ந்து செய்தி பார்க்கும் முனை. பிறகு மறுபடியும் பெட்டி.

சுயம்புராஜ் தன் தொழிலைக் கையில் எடுத்தார். வரும்போது ஒரு பாட்டிலில் கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் கொண்டுவந்திருந்தார். அதைத் தண்ணீரில் கலந்து பெட்டியையும் சோபாவையும் கண்ணெரியும்வரை தேய்த்தார். பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் ஈரம்பட்ட இடத்தைக் காட்டி, விரலை ஆட்டி, கண்டித்தார். பூனை காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு கேட்டது. தேய்த்த இடம் காய்ந்ததும் மறுபடி அதே இடத்தில் போய் உட்கார்ந்தது.

"சவத்துப் பூச்சை. எனக்க சாமானமாப் பாத்துல்லா பெய்யுது" என்றார்.

சபிதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மனுஷனைப் பூனைக்குப் பிடிக்கவில்லை என்று கட்டின பெண்டாட்டியே சொன்னால் எப்படி இருக்கும் என்று, இல்லை, அதற்கு வயிற்றில் ஏதாவது கோளாறு இருக்கும் என்றாள்.

மதிலுக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நேசம்மாள் ஒரு வழி சொன்னாள். சாக்கில் கட்டிக் கடப்புறத்தில், வள்ளம் வந்து மீன் இறக்குகிற இடத்தில் விட்டுவிட்டால் பூச்சைக்கும் சுகம், வீட்டுக்கும் சுகம் என்றாள். தன் மாமியாரின் பூனை அப்படித்தான் போய்க் கொழுத்ததாம். சுயம்புராஜ் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் நின்ற அந்த நேரம் சபிதாவுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மீன் குழம்பு இருந்தது, பேச்சு இருக்கவில்லை.

அபிதாவுக்கு விஷயம் போனில் போனது. அவள் அப்பாவிடம் பேசினாள். கடப்புறம் என்கிற சொல்லை யாரும் இனி எடுக்கக் கூடாது, முதலில் டாக்டரிடம் கொண்டுபோங்கள், பெண்பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருந்தாலும் இப்படிச் செய்யும் என்று சொன்னாள். மகள் சொன்னால் அவர் தட்டமாட்டார். சனிக்கிழமை பழக்கூடை ஒன்றில் பூனையைப் போட்டு, மேலே துண்டைக் கட்டி, ஸ்கூட்டரில் இருவரும் தக்கலைக்குப் போனார்கள்.

கால்நடை டாக்டர் லீமா இளவயதுப் பெண். பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள், மூத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வரும்வரை இருவரும் வெளியே பெஞ்சில், பேதி கண்ட ஒரு ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சோதனையில் குறை எதுவும் இல்லை. கல் இல்லை, புண் இல்லை, கிருமியும் இல்லை.

"அப்போ வேணும்னு செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் சுயம்புராஜ். ஏதோ வழக்கில் ஜெயித்தவர் போல சபிதாவைப் பார்த்தார்.

"பூச்சைக்குப் பழி வாங்கத் தெரியாது அண்ணா" என்றாள் டாக்டர். "அதுக்குப் போற இடம் புடிக்கல்ல. புடிச்ச இடத்தத் தேடுது. அம்புடுதான். என்ன போட்டுக் கழுவுனிய?"

அவர் கொஞ்சம் பெருமையோடுதான் அமோனியா என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். பூனை மூத்திரத்தின் வாடையும் அமோனியாவின் வாடையும் பூனையின் மூக்குக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றும், கழுவுகிற ஒவ்வொரு முறையும் இதுதான் உன் இடம் என்று எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னாள். அந்த வாடையைத் தின்றுவிடுகிற என்சைம் திரவம் ஒன்று கொடுத்தாள். பூனையைத் திட்டக் கூடாது, திட்டினால் ஒளிந்துகொண்டு போகப் பழகும் என்றாள். வேறு பூனை ஏதாவது வீட்டுப் பக்கம் வருகிறதா என்று கேட்டாள். இல்லை என்று சுயம்புராஜ் சட்டென்று சொன்னார். சரி, அப்படியானால் அந்தப் புதுக் கழிப்பறையிலேதான் ஏதோ இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

திரும்பி வரும்போது அவர் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். இத்தனை வருஷம் துடைப்பதையே தொழிலாகச் செய்தவர், தன் வீட்டுச் சோபாவில் தானே பூனைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். சபிதா பின்னால் உட்கார்ந்து கூடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவருடைய முதுகைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை சபிதா பள்ளிக்குப் போன பிறகு, சுயம்புராஜ் வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிட்டுப் பூனையின் வீட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அவருக்கு தோஹாவில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வளாகத்தில் ஒரு மாடிக் கழிப்பறைக்கு மட்டும் யாருமே போகமாட்டார்கள். இருக்கிற கூட்டமெல்லாம் கீழ்மாடியில் வரிசையில் நிற்கும். மேலதிகாரிகள் வாசனைத் தெளிப்பானை மாற்றினார்கள், செடி வைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சுயம்புராஜ் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானே உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாக அணைந்துவிட்டது. ஆள் அசைந்தால்தான் எரிகிற விளக்கு அது. உள்ளே உட்கார்ந்தவன் கும்மிருட்டில் கையை வீசிக்கொண்டிருக்க வேண்டும். புகார் வந்த இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்காமல் எதையும் சரிசெய்ய முடியாது என்று அன்றைக்குப் பிடித்துக்கொண்டார்.

வராந்தாவில் யாரும் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு காலில் நின்று, ஆடுகிற கதவைத் தலையால் தள்ளி உள்ளே நுழைந்தார். தலையும் கழுத்தும் போயின.

உள்ளே ஒரே இருட்டு. லாவெண்டர் வாசனை வெளியே நின்றபோது நன்றாகத்தான் இருந்தது. உள்ளே அது ஊதுபத்திக் கட்டு முழுவதையும் மூக்கில் திணித்த மாதிரி இருந்தது. அடியில் கிடந்த குருணை கன்னத்தில் குத்தியது. இதில் கால் வைத்துத் தோண்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் மெஷின் துணி பிழியத் தொடங்கியது. அந்தக் குட்டி வீடு அப்படியே நடுங்கியது. சத்தம் நாலு பக்கமும் மோதித் தலைக்குள் இறங்கியது. ஓட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது; ஓட ஒரே ஒரு வழி, அந்த வழியில் அவரே நின்றுகொண்டிருந்தார். பின்வாங்கினார். கதவு உள்பக்கமாக மடங்கிப் பிடரியில் மாட்டிக்கொண்டது. எழுந்து நின்றால் கழன்றுவிடும் என்று எழுந்தார். வீடும் அவரோடு சேர்ந்து எழுந்தது. குருணையெல்லாம் சட்டைக்குள் கொட்டியது.

அந்த நேரத்தில்தான் நேசம்மாள் ஒரு கட்டு முருங்கைக்காயோடு பின்வாசல் வழியாக வந்தாள். தலைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் வீடு வைத்த மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சுயம்பு, சபிதா ஸ்கூலுக்குப் போயாச்சா?" என்று கேட்டாள்.

"போயாச்சு அக்கா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "இந்தக் கதவக் கொஞ்சம் தூக்கி விடுங்க."

அவள் முருங்கைக்காயைத் திண்டில் வைத்துவிட்டு வந்து விடுவித்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே அவருக்கு அதிக வெட்கமாக இருந்ததால் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டார். பழைய கறுப்புத் தொட்டி திரும்ப வேண்டும் என்றும் கேட்டார். நேசம்மாள் அதில் கொத்தமல்லி விதைத்திருந்தாள். முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. தரமுடியாது என்று சொல்லிக்கொண்டே அவளுடைய கண் பிளாஸ்டிக் வீட்டின் மேல் போனது. அதைத் திருப்பிப் பார்த்தாள், கதவை ஆட்டிப் பார்த்தாள். தன்னுடைய கோழி அடைக்குப் படுக்க இடம் தேடி விறகுப்புரையில் அலைவதாகவும், அடைக்கோழிக்கு இருட்டுதான் வேண்டும் என்றும் சொன்னாள். கொத்தமல்லி ஒரு பழைய சருவச் சட்டிக்கு மாறியது. தொட்டி மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது, வீடு அந்தப் பக்கம் போனது.

சபிதா பள்ளியிலிருந்து வந்தபோது அவர் மதிலோரம் உட்கார்ந்து கொசுவலைத் துண்டால் மணல் சலித்துக்கொண்டிருந்தார். முடியில் இன்னும் குருணை இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டாள். சொல்லும்போது அவரும் சிரித்துவிட்டார். பிறகு இருவரும் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள், ஒரு பூனை எங்கே உட்கார ஆசைப்படும் என்று யோசித்துக்கொண்டு. மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம் இருவருக்கும் பிடித்தது. சத்தமில்லை, இரண்டு பக்கமும் வழி உண்டு, யார் வந்தாலும் தூரத்திலேயே தெரியும். தொட்டியை அங்கே வைத்தார்கள். அபிதாவின் அறையில் அகலமான ஒரு பழைய பேசினில் இன்னொன்று. சோபாவுக்கும் பெட்டிக்கும் என்சைம் திரவம் தெளித்தார்கள். வாசனைப் பொருள் எதுவும் வைக்கவில்லை.

மிக்சி சாயங்காலம் முழுக்கத் தொட்டியைச் சுற்றி வந்தது. ஒரு காலை உள்ளே வைத்தது, எடுத்தது. வாசலைப் பார்த்தது. சபிதாவும் சுயம்புராஜும் கூடத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மணலைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. சுயம்புராஜ் சபிதாவின் கையைப் பிடித்து அமுக்கினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. பெட்டி காய்ந்தது, சோபா காய்ந்தது. அவர் காலையும் மாலையும் அகப்பையோடு போய் அள்ளினார். அந்த வேலையை சபிதாவிடம் விடவே இல்லை. ஆனால் கொஞ்ச நாள் கழித்து முன்வாசல் மிதியடி நனைந்திருந்தது. அடுத்து முன்ஜன்னல் திரைச்சீலையின் அடி. தொட்டியையும் பூனை ஒழுங்காகத்தான் பயன்படுத்தியது. அதற்கு மேலாக இது. சுயம்புராஜ் மறுபடி நாலு காலில் நின்று மிதியடியை மோந்து பார்த்தார். மணலை மாற்றினார். தொட்டியை ஒரு சாண் நகர்த்தினார். காரணம் பிடிபடவில்லை.

பிடித்தவள் சபிதா. காலையில் அவர்தான் முதலில் எழுந்து ரோட்டுக்குப் போய்க் கடப்புறத்திலிருந்து வருகிற மீன்காரியிடம் மீன் வாங்குவார். ஒரு விடுமுறை நாள் காலை, வழக்கத்துக்கு முன்பே விழித்துவிட்ட சபிதா, சாயா போடலாம் என்று கூடத்துக்கு வந்தாள். மிக்சி முன்ஜன்னலில் நின்றுகொண்டிருந்தது. வால் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி விரிந்திருந்தது. தொண்டையிலிருந்து இதுவரை கேட்காத ஒரு உறுமல் வந்தது. சபிதா அதன் தோளுக்கு மேலாக வெளியே எட்டிப் பார்த்தாள்.

வாசல் படியில் சுயம்புராஜ் உட்கார்ந்திருந்தார். முன்னால் வாழையிலைத் துண்டில் சாளை மீனின் தலைகள். ஒரு காது கிழிந்த பெரிய கடுவன் பூனை அதைத் தின்றுவிட்டு அவருடைய முழங்காலில் தலையால் முட்டிக்கொண்டிருந்தது. அவர் அதன் தாடையைச் சொறிந்துகொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு கடுவன் அவருடைய முதுகுக்குப் பின்னால் போய், மிதியடியைத் தாண்டிக் கதவின் மூலையில் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு பீச்சுப் பீச்சிவிட்டு மதில் ஏறியது.

சபிதா கதவைத் திறந்தாள். அவர் இலையை மடித்து மறைக்கப் பார்த்தார்.

"டாக்டர் கேட்டப்போ வேற பூச்சை ஒண்ணும் வரல்லன்னு சொன்னிய" என்றாள்.

"அப்போ அது எப்பவாவதுதான் வந்துட்டிருந்து."

"தெனமும் சாளைத் தலை வச்சா வராம இருக்குமா? வெளிய நிண்ணு கடுவன் எனக்க வீடுங்குது. உள்ள நிண்ணு மிக்சி எனக்க வீடுங்குது. பெய்யாம என்ன செய்யும்?"

அவர் இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முதலில் கோபம்தான். பிறகு அவர் உட்கார்ந்திருந்த விதம் வேறு மாதிரி பட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். வந்த வாரத்திலிருந்தே என்றார். காலையில் மீனோடு உள்ளே வந்தால் அவளும் பூனையும் அடுக்களையில் பேசிக்கொண்டிருப்பார்கள், தன்னைக் கண்டதும் பூனை இறங்கிப் போய்விடும், பேச்சும் நின்றுவிடும். தோஹாவில் காலையில் பத்துப் பேர் சூழ்ந்து நின்று அன்றைய வேலையைக் கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை. இந்தக் கடுவன் மட்டும் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மதில்மேல் ஓடி வந்தது. இதையெல்லாம் அவர் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குன்னு இஞ்ச ஒரு பூச்சையாவது இருக்கட்டும்னு தோணிச்சு ஏட்டி" என்றார்.

சபிதா எழுந்து உள்ளே போனாள். படுக்கையறையில் தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அந்தப் பெட்டி ஏன் இன்னும் தரையில் கிடக்கிறது என்று இதுவரை அவள் யோசிக்கவே இல்லை. அலமாரியைத் திறந்தாள். மூன்று கதவு அலமாரி. ஒன்றில் அவளுடைய சேலைகள், ஒன்றில் அபிதாவின் துணிகள், மூன்றாவதில் போர்வைகளும், கோயில் கொடைக்கு எடுத்து உடுத்தாத சேலைகளும், பழைய திரைச்சீலைகளும். வந்த மனிதருக்கு ஒரு தட்டுக்கூட இல்லை. அவர் கேட்கவும் இல்லை. லீவில் வருகிறவர் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திப் பழகியது அப்படியே தொடர்ந்திருக்கிறது. தரையில் திறந்து கிடந்த மெத்தென்ற துணியை மிக்சி வேறு என்னவென்று நினைத்திருக்கும்?

மூன்றாவது கதவைக் காலி செய்யத் தொடங்கினாள். சத்தம் கேட்டு வந்தவர், ஒரு தட்டு போதும், நாலு சட்டைக்கு எதற்கு இவ்வளவு என்றார். அவள் கேட்கவில்லை. முழுக் கதவும் உங்களுக்குத்தான், மேல்தட்டில் தலைப்பாகைத் துண்டை வையுங்கள், மிக்சிக்கு எட்டாது என்றாள். திரைச்சீலைகளை நேசம்மாளுக்குக் கொடுத்தார்கள். பெட்டி பரணுக்குப் போனது. காலியான தரையை அவர் ஒருமுறை துடைத்தார், வெறும் தண்ணீரில்.

கடுவனை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். அவர் தானே முன்வந்து இனிமேல் அதற்குச் சோறு வைக்கவில்லை என்றார். சொல்லும்போது முகம் சரியாக இல்லை. சபிதா வேறு வழி கண்டுபிடித்தாள். நேசம்மாள் தேங்காய் போட்டுவைக்கிற புரை பின்பக்கத்தில், இந்த வீட்டு ஜன்னலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடம். அங்கே எலித்தொல்லை வேறு. நேசம்மாள் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்: லாவெண்டர் வீட்டில் அடை கிடக்கிற கோழியின் பக்கம் அது தலைவைக்கக் கூடாது. சாளைத் தலை இனி தேங்காய்ப்புரைக்குப் போகும். கடுவன் கண்ட இடத்தில் பீச்சாமல் இருக்க அதற்கு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் லீமா போனில் சொன்னாள். வாசல் மூலையையும் மிதியடியையும் திரவம் போட்டுக் கழுவினார்கள். முன்ஜன்னலின் கீழ்ப்பாதியில் சபிதா பள்ளியிலிருந்து கொண்டுவந்த வண்ணத்தாளை ஒட்டினாள், வெளியே நடப்பது மிக்சிக்குத் தெரியாமல் இருக்க. அன்றோடு முன்வாசல் காய்ந்தது. மிக்சி மாடிப்படிக்குக் கீழே போய்வந்து, பகலெல்லாம் கூடத்து நடுவில் நாலு காலையும் நீட்டிக்கொண்டு தூங்கியது.

மிக்சியும் சுயம்புராஜும் பெரிய சிநேகிதர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர் மணல் அள்ளும்போது அது பக்கத்துப் படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். முடித்ததும் இறங்கி வந்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒருமுறை போய்விட்டு வரும். அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

கடுவனைப் பிடிப்பது எளிதாக இருந்தது. அவர் கூப்பிட்டதும் அதுவாகவே வந்து பழக்கூடைக்குள் உட்கார்ந்தது. தக்கலையில் ஆபரேஷன் முடிந்து சாயங்காலம் கூட்டிப்போக வந்தபோது, மருந்துச்சீட்டில் எழுத லீமா பூனையின் பெயரைக் கேட்டாள். பெயர் வைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. சபிதா அவரைப் பார்த்தாள்.

"மானேஜர்" என்றார் சுயம்புராஜ்.

டாக்டர் எழுதாமல் நிமிர்ந்தாள்.

"எங்க மால்ல ஒருத்தரு இருந்தாரு டாக்டர். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வருவாரு. தின்னுட்டு எல்லா மூலையையும் மோந்து பாத்துட்டு, ஒரு இடத்தயாவது நாசமாக்கிட்டுத்தான் போவாரு."

டாக்டர் சிரிக்காமல் எழுதினாள். சபிதாவால் முடியவில்லை. மருந்துக் காசைக் கொடுக்கும்போதும், ஸ்கூட்டரில் ஏறும்போதும் அடக்கிக்கொண்டு வந்தவள், மயக்கம் தெளிந்த மானேஜர் கூடைக்குள்ளிருந்து நீளமாக ஒரு குரல் கொடுத்ததும் உடைந்துவிட்டாள். சிரிப்பில் கூடை நழுவப் பார்த்தது. "பைய ஓட்டுங்க, விழுந்துருவேன்" என்று அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். இரணியல் தாண்டியும் அவளுடைய சிரிப்பு நிற்கவில்லை. முன்னால் போன பஸ்ஸின் பின்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுயம்புராஜ் வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே பள்ளம் உள்ள பக்கமாக ஓட்டினார்.